வீட்டுக்கு வந்த மேகம்: அம்மாவுக்கு வழி சொல்வது யார்?

'போட்டோ எல்லாம் கிளவுட்ல இருக்கு' என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அந்த மேகத்தில் ஒரு துண்டு அம்பத்தூரில் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டையில், லேத் பட்டறைகளுக்கும் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் நடுவே இப்போது தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்ட், டிஜிட்டல் ரியல்டி மூன்றும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் கனெக்ஸியான் நிறுவனம் 2024 ஜனவரியில் இங்கே திறந்த மையம், 100 மெகாவாட் வரை வளரும் திட்டத்தோடு கட்டப்பட்டது. மேகம் என்பது கடைசியில் மின்சாரம், குளிர்சாதனம், வரிசை வரிசையாகக் கணினிகள். அவ்வளவுதான்.

ஆனால், ஆவடியில் எடுத்த பிறந்தநாள் படம் எந்த ஊர்க் கட்டடத்தில் கிடக்கிறது என்று எடுத்தவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் பல காலம் வரவில்லை. 2021 ஜூன் 1 அன்று கூகுள் போட்டோஸ் தன் வரம்பற்ற இலவசச் சேமிப்பை நிறுத்தியபோதுதான் பல வீடுகளில் பேச்சு எழுந்தது. அன்றிலிருந்து படம், ஜிமெயில், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி மட்டும். அது நிரம்பிவிட்டால் படம் ஏறாதது மட்டுமில்லை, புது மின்னஞ்சலும் உள்ளே வராது. பேரனின் நடனக் காணொளி நிரம்பி வழிந்ததால் வங்கிக் கடிதம் வாசலிலேயே திரும்பிப் போகும் நிலை!

மாதாமாதம் பணம் கட்டி இடம் வாங்கலாம். கட்ட விருப்பமில்லாதவர்களும், குடும்பப் படங்களை வேறொருவர் கணினியில் வைக்க மனமில்லாதவர்களும் தேர்ந்தெடுக்கும் வழிதான் சொந்த மேகம். பழைய கணினி ஒன்று, அதில் புது ஹார்டு டிஸ்க், மேலே ஒரு கட்டற்ற மென்பொருள். 2010-ல் ஓன்கிளவுடைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக், அதிலிருந்து பிரிந்து 2016 ஜூனில் ஆரம்பித்த நெக்ஸ்ட்கிளவுட் இந்த வகையில் பெயர் பெற்றது. படங்களுக்கென்றே 2022-ல் வந்தது இம்மிச். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட மென்பொருள்கள் புதுச் செய்தியும் அல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. கணியம் இதழ் 2012-லிருந்து தமிழிலேயே கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எழுதிவருகிறது.

கணினி தெரிந்த பிள்ளை ஒரு சனி, ஞாயிறில் இதை நிறுவிவிடும். சிக்கல் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறது. வீட்டில் மற்றவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டுமே!

முதல் திரையிலேயே முட்டுக்கட்டை

திருமுல்லைவாயலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மகன் ஆசையாகச் செயலியை அம்மாவின் போனில் இறக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறான். அம்மா திறக்கிறார். 'சர்வர் முகவரி' என்று ஒரு பெட்டி. கதவு எண், தெருப் பெயர், அஞ்சல் குறியீடு வரை பொறுமையாகத் தட்டெழுதுகிறார். செயலி ஏற்கவில்லை. மாலையில் மகன் வந்ததும் முதல் கேள்வி: "ஏம்ப்பா, நம்ம வீட்டு அட்ரஸையே தப்புன்னு சொல்லுதே?"

சிரிப்பாகத் தோன்றும். ஆனால் தவறு அம்மாவுடையது அல்ல. இம்மிச் எதிர்பார்க்கும் முகவரி 192.168 என்று தொடங்கும் எண்களும், கடைசியில் 2283 என்ற கதவு எண்ணும் கொண்டது. நிறுவியவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை, நிறுவாதவரிடம் முதல் கேள்வியாகக் கேட்கிறது செயலி. பெரிய நிறுவனங்களின் செயலிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்களுடைய முகவரி உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. சொந்த மேகத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முகவரி. அதை நிரப்பிக் கொடுப்பது நிறுவியவரின் வேலை.

அடுத்த தடை வாசலைத் தாண்டியதும் வரும். 192.168 எண் வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான் செல்லும். அம்மா பூந்தமல்லியில் தங்கை வீட்டுக்குப் போய் அங்கே படத்தைக் காட்ட நினைத்தால் திரை வெறுமையாக நிற்கும். வெளியிலிருந்து உள்ளே வருவதும் எளிதல்ல. பல இணைய இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் மாதிரி: உள்ளிருந்து வெளியே போகத் தடையில்லை, வெளியிலிருந்து வருபவர் எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்குத் தெரியாததால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதற்கு இரண்டு வழிகள். டெயில்ஸ்கேல் போன்ற செயலியை ஒவ்வொரு போனிலும் போட்டு, குடும்பத்துக்கு மட்டும் ஒரு தனிப்பாதை அமைக்கலாம். பாதுகாப்பானது, ஆனால் அம்மா பழக வேண்டிய செயலி இரண்டாகிவிடும். இல்லையென்றால், இணைய இணைப்பு தருபவரிடம் நிலையான முகவரி கேட்டு வாங்கி, அதற்கு எளிய பெயர் வைக்கலாம். பயன்படுத்த சுலபம். ஆனால் கதவு உலகத்துக்கே தெரியும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் திருடனுக்கும் சுலபம். எதைத் தேர்ந்தாலும், போனைக் கையில் கொடுப்பதற்கு முன் தெருமுனை வரை நடந்து, மொபைல் டேட்டாவில் திறக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இம்மிச்சில் வீட்டு வைஃபைக்கு ஒரு முகவரி, வெளியே ஒரு முகவரி என்று கொடுத்துவிட்டால் அதுவே மாற்றிக்கொள்ளும்.

பக்கத்தில் உட்காரும் அரை மணி நேரம்

'லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்துக்கோங்க' என்ற வாட்ஸ்அப் செய்தியால் எந்த அப்பாவும் சர்வருக்குள் போனதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை சில.

ஒன்று: கணக்கை முன்பே திறந்து வைப்பது. நெக்ஸ்ட்கிளவுடில் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் போய், அந்தப் போனுக்கென்று தனிக் கடவுச்சொல் உருவாக்கினால் கூடவே கியூஆர் குறியீடும் வரும். பால் பாக்கெட்டுக்கும் கீரைக்கும் கியூஆர் ஸ்கேன் செய்து பணம் அனுப்பிப் பழகிய கைக்கு அது புதிதல்ல. முகவரி, பெயர், கடவுச்சொல் மூன்றும் ஒரே நொடியில் நிரம்பிவிடும். போன் தொலைந்தால் அந்த ஒரு கடவுச்சொல்லை மட்டும் நீக்கினால் போதும்.

இரண்டு: ஆளுக்கொரு கணக்கு. 'ஒரே குடும்பம்தானே' என்று எல்லோரையும் ஒரே கணக்கில் போட்டால், கல்லூரிப் பெண்ணின் தோழிகள் படம் தாத்தாவின் திரையில் வரும். மறுநாளே அவள் செயலியை நீக்கிவிடுவாள். பகிர வேண்டியதை ஒரு பொது ஆல்பத்தில் பகிர்ந்துகொள்ளலாம்.

மூன்று: ஒரே ஒரு வேலையைக் கற்றுக்கொடுப்பது. காலண்டர், குறிப்பேடு, கோப்பு, தொடர்பு எண்கள் என்று எல்லாவற்றையும் முதல் நாளே காட்டினால் எதுவும் நிற்காது. படம் தானாக ஏற வேண்டும். ஏறிய படத்தைத் தேடி எடுக்கத் தெரிய வேண்டும். அது போதும். இம்மிச் முகங்களை அடையாளம் காணும், அதுவும் வீட்டுக் கணினிக்குள்ளேயே. பேத்தியின் முகத்துக்கு ஒருமுறை பெயர் வைத்துவிட்டு, கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அவள் படங்கள் வரிசையாக வருவதைப் பாட்டிக்குக் காட்டினால், அதற்கப்புறம் கற்பிக்க வேண்டியதே குறைவு. கேள்விகள் பாட்டியிடமிருந்து வரும்.

நான்கு: போனின் அனுமதிகள். 'எல்லாப் படங்களுக்கும்' என்று அனுமதி தராமல் நான்கைத் தொட்டுவிட்டால் அந்த நான்கு மட்டுமே ஏறும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் அதை விலக்க வேண்டும். ஐபோனில் பின்னணி நேரம் குறைவாகவே கிடைக்கும் என்பதால், இரவில் ஒருமுறை திறந்து வைக்கும் பழக்கம் நல்லது. 'வைஃபையில் மட்டும்' என்பதையும் தொட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்றைய டேட்டா பேக் காலை பத்து மணிக்கே காலி.

ஐந்து: முதல் பதிவேற்றம் மெதுவாகத்தான் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வது. பல வருடப் படங்கள் ஏற ஒரு இரவும் ஆகலாம், மூன்று இரவும் ஆகலாம். சொல்லாவிட்டால், 'இது வேலை செய்யல' என்ற தீர்ப்பு முதல் மாலையே வந்துவிடும்.

ஆறு: அழித்துப் பார்ப்பது. பெரியவர்களின் தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல, பயம். 'தப்பா எதையாவது தொட்டு எல்லாம் போயிட்டா?' என்ற பயம். ஒரு படத்தை அவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டியிலிருந்து அவர்கள் கையாலேயே மீட்கச் சொன்னால் பாதி பயம் போய்விடும். இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட் இரண்டிலும் அழித்தது இயல்பாக 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஆனால் எல்லா மென்பொருளும் ஒன்றல்ல. சின்க்திங் போன்றவை இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் கருவிகள். அங்கே போனில் அழித்தது கணினியிலும் அழியும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லாமல் விடுவது ஆபத்து.

மொழியும் ஒரு தடைதான். நெக்ஸ்ட்கிளவுடை டிரான்சிஃபெக்ஸ் தளத்திலும், இம்மிச்சை வெப்லேட் தளத்திலும் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கிறார்கள். தமிழும் அந்த வரிசையில் உண்டு. 'இந்த வார்த்தை எங்கம்மாவுக்குப் புரியல' என்று தோன்றினால், அங்கே போய் நல்ல சொல்லை எழுதிவைக்கலாம். ஒரு வீட்டில் செய்த திருத்தம் எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் போய்ச் சேரும்.

மழை வந்தால்?

இந்தப் பகுதிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள் கணக்கில் தண்ணீரில் நின்றது. கொரட்டூர், ஆவடி, பூந்தமல்லி என எங்கும் தெருவில் வெள்ளம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. கல்யாண ஆல்பத்துக்கு நகல் தரும் முகாம் எங்கேயும் கிடையாது.

ஆகவே, தரைத்தளத்தில் டிவி ஸ்டாண்டுக்குக் கீழே வைத்த ஒற்றை ஹார்டு டிஸ்க்கை மேகம் என்று அழைப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. பெட்டி முதலில் மேலே ஏற வேண்டும். இன்வெர்ட்டர் இணைப்பிலோ சிறிய யுபிஎஸ்ஸிலோ இருக்க வேண்டும். படங்கள் மூன்று பிரதியாக, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வேறு ஊர்ப் பிரதி என்றால் பெரிய செலவில்லை. பூட்டுப் போட்டு மறைகுறியாக்கிய ஹார்டு டிஸ்க்கை தீபாவளிக்கு மதுரை போகும்போது சித்தப்பா வீட்டுப் பீரோவில் வைத்து, பொங்கலுக்கு மாற்றிக்கொள்ளலாம். இது ஓடத் தொடங்கும் வரை, பழைய கிளவுட் கணக்கிலிருந்து ஒரு படத்தைக்கூட அழிக்கச் சொல்லக் கூடாது.

பிள்ளை பெங்களூரு போய்விட்டால்?

மழையைவிட அடிக்கடி நடப்பது இதுதான். நிறுவியவருக்கு வேலை மாற்றம், கல்யாணம், வெளிநாடு. பெட்டி இங்கே, சாவி அங்கே. ஒரு நாள் கரன்ட் போய் வந்த பிறகு பெட்டி எழுந்திருக்கவில்லை என்றால், வீட்டின் இருபது வருட நினைவுகள் யாரும் திறக்க முடியாத பெட்டிக்குள்.

ஒரு ஏ4 தாள் போதும். எது பெட்டி, எந்த பிளக், முதன்மைக் கடவுச்சொல், ஹார்டு டிஸ்க்கின் பூட்டுச்சொல், எந்த ஃபோல்டரில் படங்கள், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று தமிழில் எழுதி, வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம். இம்மிச்சில் படங்களை வருடம், மாதம் வாரியாக ஃபோல்டரில் அடுக்கும் வசதியை ஆரம்பத்திலேயே இயக்கிவிட்டால், மென்பொருளே நின்றுபோனாலும் கணினி தெரிந்த எவரும் டிஸ்க்கைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுப்பார். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா பையன் ஒருவனுக்காவது இந்தத் தாளைக் காட்டி ஒருமுறை பழக்கிவிடுவது இன்னும் நல்லது.

இவ்வளவும் முடியாது என்றால் அதிலும் தவறில்லை. நெக்ஸ்ட்கிளவுட் செயலியின் முதல் திரையிலேயே, வேறொருவர் நடத்தும் சர்வரில் கணக்குத் திறக்கவும் வழி இருக்கிறது. சொந்த வீடு கட்ட முடியாதவர் வாடகைக்கு இருப்பதில்லையா?

நிறுவியவர்கள் வழக்கமாகப் பார்ப்பது, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்பதை. மாதம் ஒருமுறை அம்மாவின் போனை வாங்கி, கடைசியாக ஏறிய படம் எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்த்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். அது நேற்றைய கோலமாக இருந்தால் மேகம் வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முந்தைய படமாக இருந்தால், மறுபடியும் பக்கத்தில் உட்கார அரை மணி நேரம் ஒதுக்க வேண்டியதுதான்.