பாலத்தில் நின்று வாங்கும் காற்று

மாலை ஆறு மணிக்கு மேல் திருச்சி காவிரிப் பாலத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி இடம் கிடைப்பது லேசில்லை. சத்திரம் பேருந்து நிலையப் பக்கமிருந்து ஒரு கூட்டம், மாம்பழச் சாலைப் பக்கமிருந்து ஒரு கூட்டம். முழங்கையை ஊன்றி, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து, ஆற்றைப் பார்த்து நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஸ்ரீரங்கம் டவுன் பஸ் உரசாத குறையாகப் போகிறது. நாலு நண்பர்கள் வந்தால் பேச்சில் பாதி ஹாரனுக்குப் போய்விடும்.

இரண்டு ஆறுகள் ஓடும் ஊர் இது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணை அருகே இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். இத்தனை நீளக் கரை இருந்தும் ஊர்க்காரர்கள் ஆற்றுக் காற்றுக்குப் போக்குவரத்துப் பாலத்தை நம்பி நிற்கிறார்கள்.

கொஞ்ச காலம் வேறொரு பாலம் வாய்த்திருந்தது. 1928-ல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலம். 2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும் பழையதில் வண்டிகள் நின்றன; நடப்பவர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். யாரும் திட்டம் போடவில்லை, கல்வெட்டு திறக்கவில்லை. வண்டி போனது, மனிதர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய அணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அது ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணையின் பகுதி. மணல் அள்ளி அள்ளிப் படுகை இறங்கிப்போனதுதான் காரணம் என்று பலரும் அப்போது குற்றம் சாட்டினார்கள். அணையைப் புதிதாகக் கட்டினார்கள். கட்டத்தான் வேண்டும், பாசனம் இருக்கிறது. இரும்புப் பாலத்தைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். நடந்தவர்களுக்கு மாற்று இடம் என்ன என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

பூங்காவே இல்லையா என்றால், இருக்கிறது. மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, 2015-ல் திறந்தது, சுமார் 25 ஏக்கர். நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகளை அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். முக்கொம்பில் ஆற்றை ஒட்டியே பூங்கா. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் வண்டியில் போய் இறங்கி, சீட்டு வாங்கி, சுற்றிப் பார்த்து, வண்டியில் திரும்பும் இடங்கள். வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்வர முடியாது.

மற்றப் பூங்காக்களின் கதை வேறு. அரை ஏக்கருக்குள் எட்டு போட்ட நடைபாதை, கூழாங்கல் பதித்த பாதை, ஒரு சிமெண்ட் மான். காலை வேளையில் அங்கே நடப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். பத்தாயிரம் அடி என்ற கணக்கே 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடியளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். உடம்புக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த எட்டுக்குள் மூன்று பேர் வரிசையாக நடந்தால் பின்னால் வருபவர் கனைக்கிறார். சாவகாசமாக, நின்று நின்று, பழைய கதையை இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டு போகிற நடைக்கு அங்கே இடமில்லை.

தமிழர்களுக்கு அந்த நடை புதிதும் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் பாருங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று தூக்குகளோடு தெருவே திரண்டு வருகிறது. காதோலை கருகமணியை ஆற்றில் விட்டபிறகு யாருக்கும் வீடு திரும்ப அவசரமில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் முடிவது மற்ற நாட்களில் முடியாமல் போவதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. நிழல் இல்லை, உட்கார இடமில்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு மணி நேரம் கரையோரம் நடக்கலாம் என்று கிளம்பினால் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

தமிழக அரசு 2023-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைத்தடம் குறித்தது. நல்ல எண்ணம். அதே எண்ணத்தோடு அம்மா மண்டபத்திலிருந்து மேற்கே மேலூர் வரை ஒருமுறை நடந்து பார்த்தால் அதிகாரிகளுக்கே புரியும். வலப்பக்கம் வாழையும் தென்னையும், இடப்பக்கம் காவிரி. இந்தக் கரையை நடைத்தடமாக்கக் கோடிக்கணக்கில் செலவாகாது. ஆற்றங்கரை நீர்வளத் துறையுடையது, ஊர் மாநகராட்சியுடையது. இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். அலங்கார வளைவும் செல்ஃபி பாயிண்டும் வேண்டாம். அடுத்த ஆடிப் பெருக்குக்குள் அந்தக் கரையில் வரிசையாகப் புங்கங்கன்றுகள், பத்து பெஞ்சுகள், பூட்டாத ஒரு கழிப்பறை, இவற்றை மட்டும் வைத்துப் பார்க்கட்டும்.