கண்ணைக் கட்டாத கண்கட்டு வித்தை

மாயவித்தைக்கு நம் மொழியில் பழம்பெயர்கள் இரண்டு உண்டு. ஒன்று செப்பிடு வித்தை. பேச்சு வழக்கில் அது செப்படி வித்தையாகிவிட்டது. கவிழ்த்த சிறு செப்புகளின் அடியில் உருண்டையை மறைத்தும் காட்டியும் செய்யும் தெருவோர ஆட்டத்திலிருந்து பிறந்த பெயர் அது. மற்றொன்று கண்கட்டு வித்தை. முதற்பெயரில் குறை ஒன்றுமில்லை. இரண்டாம் பெயர்தான் நம்மைச் சற்றே வழிதவறச் செய்கிறது. வித்தைக்காரர் எவரும் நம் கண்களைக் கட்டுவதில்லை. நன்றாகப் பாருங்கள், உற்றுப் பாருங்கள் என்றே அவர் நம்மை வேண்டிக்கொள்கிறார். கண்ணும் தான் கண்டதை ஒழுங்காகவே மனத்திற்கு எடுத்துரைக்கிறது. கண் காணாத இடத்தை மனம் தன் போக்கில் இட்டு நிரப்பிக்கொள்கிறதே, ஏமாற்றம் நிகழ்வது அங்கேதான்.

இவ்வகையில் புகழ்பெற்ற மேடை வித்தைகள் சிலவற்றை இத்திங்கள் காண்போம். இரகசியங்களை வெளியிட்டு யாருடைய பிழைப்பிலும் மண்ணைப் போடுகிறோமோ என்று வாசகர்கள் தயங்க வேண்டா. இங்குச் சொல்லப்படுபவை எல்லாம் பல்லாண்டுகளுக்கு முன்பே நூல்களிலும் காப்புரிமைப் பத்திரங்களிலும் அச்சேறிவிட்டவை.

இரவில் பேருந்தில் பயணம் செய்தவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே விளக்கு எரிகிறது, வெளியே இருள். சன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறது. அதே வேளையில் அம்முகத்தை ஊடுருவிக்கொண்டு வெளியே மரங்களும் கடை விளக்குகளும் ஓடுகின்றன. முகம் கண்ணாடியின் மேல் ஒட்டியிருப்பதாகவும் தோன்றுவதில்லை. கண்ணாடிக்கு இப்பால் நீங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கிறீர்களோ, அப்பால் அவ்வளவு தொலைவில் அது அந்தரத்தில் மிதக்கிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்பீர்கள். 1862-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மாலை, இலண்டன் மாநகரில் அரங்கு நிறைந்த கூட்டத்தைத் திகைக்க வைத்தது இதுவேயன்றி வேறொன்றுமன்று.

அந்த அரங்கு ராயல் பாலிடெக்னிக் என்னும் நிலையத்தைச் சேர்ந்தது. அறிவியற் செய்திகளைச் சொற்பொழிவாலும் செய்முறையாலும் பொதுமக்களுக்கு விளக்கி வந்த இடம் அது. அதன் தலைவராயிருந்தவர் ஜான் ஹென்றி பெப்பர் என்னும் வேதியியல் ஆசிரியர். அன்று டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையொன்றிலிருந்து ஒரு காட்சியை அவர் மேடையேற்றினார். கதையில் வரும் ஆவியுருவம் மேடையின் நடுவே வெற்றிடத்திலிருந்து திரண்டு எழுந்தது. பின்னால் இருந்த பொருள்கள் அதன் உடலினூடே தெரிந்தன. சிறிது நேரத்தில் பனிபோல் கரைந்து மறைந்தது.

அமைப்பு இதுதான். மேடையின் முன்புறத்தில், இரசம் பூசாத வெறுங்கண்ணாடித் தகடு ஒன்றைப் பார்வையாளர் பக்கமாகச் சற்றே சாய்த்து நிறுத்தியிருந்தனர். மேடைக்கு முன்னே, பார்வையாளர் கண்ணுக்குப் படாத பள்ளம் ஒன்று. அதன் சுவர்களெல்லாம் கறுப்பு. ஆவி வேடமிட்டவர் அந்தப் பள்ளத்தில் இருந்தார். சுண்ணாம்புக் கட்டியை எரிவாயுச் சுடரால் பழுக்கக் காய்ச்சி ஒளிவிடச் செய்யும் விளக்கை அவர்மீது பாய்ச்சியதும், அவருடைய பிம்பம் கண்ணாடிக்கு அப்பால், மேடையில் நிற்கும் நடிகரின் பக்கத்திலேயே எழுந்தது. விளக்கைத் தணித்தால் ஆவியும் தேய்ந்து மறையும். பேருந்துச் சன்னலில் பகலில் முகம் தெரியாததற்கும் இதுவே காரணம்.

சொல்வதற்கு எளிது, செய்வது எளிதன்று. மேடையில் நிற்கும் நடிகருக்கு ஆவி தெரியவே தெரியாது. பார்வையாளர் பக்கத்திலிருந்து நோக்கினால்தான் பிம்பம் உண்டு. ஆகவே அவர் தரையில் இட்ட குறிகளை மனப்பாடம் செய்துகொண்டு, காற்றைப் பார்த்து அஞ்சி, காற்றைப் பார்த்து வாளை ஓங்க வேண்டும். பள்ளத்தில் உள்ளவரோ, கண்ணாடி சாய்ந்திருப்பதால் தாமும் சாய்ந்தபடியே நடிக்க வேண்டும். ஆவியின் வலக்கையில் வாள் இருக்க வேண்டுமெனில் அவர் இடக்கையில் ஏந்த வேண்டும். பிம்பம் இடம் வலம் மாற்றிவிடுமன்றோ! இருவரும் ஒருவரையொருவர் காணாமலே ஒருவரோடொருவர் போரிட்டனர்.

இந்த எண்ணம் முதலில் உதித்தது ஹென்றி டர்க்ஸ் என்னும் பொறியாளருக்கு. 1858-லேயே அவர் இதை அறிஞர் கூட்டத்தில் விளக்கியிருந்தார். ஆனால் அவர் சொன்னபடி செய்யவேண்டுமானால் நாடக அரங்கையே இடித்துக் கட்டவேண்டியிருந்ததால் எவரும் ஏற்கவில்லை. இருக்கும் அரங்கிலேயே செய்யலாம் என்று வழி கண்டவர் பெப்பர். காப்புரிமை இருவர் பெயரிலும் பதிவாயிற்று. வழங்கிய பெயரோ ‘பெப்பரின் ஆவி’ என்பதே. டர்க்ஸ் 1863-இல் ஒரு நூலெழுதித் தம் குறையை வெளியிட்டார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெப்பர் பிற்காலத்தில் எழுதிய நூலில் இரு செய்திகள் நினைவில் வைக்கத்தக்கவை. மின்னியல் மேதை மைக்கேல் ஃபாரடே மேடைக்குப் பின்னே வந்து பார்த்தும் தமக்கு விளங்கவில்லை என்றாராம். பெப்பர் அவர் கையைப் பிடித்துக் கண்ணாடியின்மேல் வைத்த பிறகே அங்கே கண்ணாடி இருப்பது அவருக்குப் புலப்பட்டதாம். மற்றொன்று, காட்சி முடிந்தவுடன் அதன் அறிவியலைச் சபைக்கு விளக்கிச் சொல்வதே பெப்பரின் முதல் எண்ணமாயிருந்தது. ஆனால் மக்கள் அடைந்த பரபரப்பைக் கண்டதும் விளக்கத்தை ஒத்திவைத்துக் காப்புரிமைக்கு ஏற்பாடு செய்தார். ஆசிரியர் வித்தைக்காரராக மாறிய கணம் அதுதான் எனலாம். அவர்மீது பெரிதும் குறைகாண எனக்கு மனமில்லை. அது ஆவியே என்று அவர் என்றும் சாதிக்கவில்லை. பெப்பரின் கண்ணாடி இன்னும் ஓய்வு பெறவுமில்லை. 1996-இல் இறந்த துபாக் ஷக்கூர் என்னும் அமெரிக்கப் பாடகர், 2012-இல் கலிபோர்னியாவில் நடந்த இசைவிழா மேடையில் ‘தோன்றிப்’ பாடியதும் இதே முறையால்தான். கனத்த கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய நெகிழித் தாள், பள்ளத்து நடிகருக்குப் பதிலாகக் கணிப்பொறி வரைந்த உருவம்; வேறுபாடு அவ்வளவே.

வெறுங்கண்ணாடி இல்லாததைக் காட்டிற்று. இரசம் பூசிய கண்ணாடி இருப்பதை மறைத்தது. 1865 அக்டோபரில், இலண்டன் எகிப்திய மண்டபத்தில் ஸ்டோடேர் என்பவர் காட்டிய வித்தை அது. தம்மைக் கர்னல் என்று அழைத்துக்கொண்டார். பட்டம் மேடைக்காகச் சூட்டிக்கொண்டதே. மூன்று கால்களையுடைய சிறு மேசை. அதன் கீழே ஒன்றுமில்லை. பின்திரை நன்றாகத் தெரிகிறது. மேசைமீது ஒரு பெட்டியை வைத்துத் திறக்கிறார். உள்ளே எகிப்தியத் தலையணி அணிந்த ஒரு தலை மட்டும்! ஆணையிட்டதும் அது கண் விழிக்கிறது. கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்கிறது. பெட்டியை மூடி மீண்டும் திறந்தால் பிடி சாம்பல்.

தாமஸ் டோபின் என்பவர் வகுத்த அமைப்பு இது. மேசையின் முன்காலிலிருந்து பின்கால்கள் இரண்டிற்கும் இரு கண்ணாடிகள், ஆப்பின் கூர்முனைபோல் சபையை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தன. அவை காட்டியது பக்கத்துத் திரைகளை. பக்கத்துத் திரையும் பின்திரையும் ஒரே நிறம். ஆகவே காண்பவர் மேசைக்கடியில் பின்திரையைக் கண்டதாகவே எண்ணினர். கண்ணாடிகளின் பின்னே ஒருவர் முழங்காலை மடக்கி ஒடுங்கியிருந்து, மேசையின் துளை வழியாக அடியில்லாத பெட்டிக்குள் தலையை நுழைத்தார். இந்த ஏற்பாட்டின் பலவீனமும் கண்ணாடியேதான். ஒரு விரல் ரேகை பட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். பாரிஸில் இதே வித்தை நடந்த ஓரிடத்தில், குறும்பர் சிலர் மேசைக்கடியில் காகித உருண்டைகளை எறிந்தனர். அவை வெற்றிடத்தில் மோதித் திரும்பி விழுந்தன!

இனி நம் ஊர்ச் செய்தி ஒன்று. 1830-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், சென்னையில் அந்தரத்தில் அமர்ந்து காட்டிய முதியவர் ஒருவரைப் பற்றி ஆங்கில ஏடுகள் படத்துடன் எழுதின. சேஷால் என்பது அவை தரும் பெயர். ஒரு சிறு மணையில் நட்டிருந்த கோலின்மேல் ஒரு கையை மட்டும் இலேசாக வைத்து, தரையைத் தொடாமல் சப்பணமிட்டிருந்தார். கோலுக்குள் இரும்புத்தண்டு, அதிலிருந்து கிளைத்து ஆடைக்குள் செல்லும் மற்றொரு தண்டு, அதன் முனையில் ஓர் இருக்கை. பாரிஸ் நகர வித்தைக்காரர் ராபர்ட் ஹூடின் 1847-இல் தம் இளம் மகனை ஒரு கோலின்மேல் கிடைமட்டமாக மிதக்க விட்டதும் இத்தகைய இரும்புச் சட்டத்தால்தான். அறுவை மருத்துவத்தில் ஈதர் அப்போதுதான் புகுந்திருந்தது. ஈதரை முகர்ந்ததால் பையனின் உடல் காற்றினும் இலேசாயிற்று என்று அவர் கதை கட்டினார். அரங்கின் பின்னே ஈதரைக் கொட்டி அதன் மணமும் பரவச் செய்தாராம். கட்டுகளிலிருந்து தப்பிப் புகழ்பெற்ற ஹூடினி தம் மேடைப்பெயரை அமைத்துக்கொண்டது இவர் பெயரிலிருந்தே.

பெண்ணைப் பெட்டியிலிட்டு வாளால் அறுக்கும் வித்தை காலத்தால் பிந்தியது. இலண்டனில் செல்பிட் என்பவர் 1921 ஜனவரியில் அதை மக்கள்முன் தொடங்கிவைத்தார். விளம்பரத்திற்காக மருத்துவ வண்டிகளை ஊரெங்கும் ஓடவிட்டார். அமெரிக்காவில் ஹொரேஸ் கோல்டின் அதைச் சற்றே மாற்றி, 1923-இல் காப்புரிமையும் பெற்றார். அதன்படி தலையும் கைகளும் ஒருவருடையவை. மறுமுனையில் அசையும் பாதங்கள் மேசைக்குள் முன்னரே ஒளிந்திருக்கும் வேறொருவருடையவை. வேடிக்கை என்னவென்றால், காப்புரிமை பெறுவதற்கு இரகசியத்தைப் படம் வரைந்து பதிவு செய்தாக வேண்டும். பதிந்ததை யாரும் படிக்கலாம். சிகரெட் நிறுவனம் ஒன்று தன் விளம்பரத்தில் இரகசியத்தை வெளியிட, கோல்டின் வழக்குத் தொடுத்து 1938-இல் தோற்றார்.

உண்மையைச் சொன்னால், இவ்வித்தை எனக்கு அவ்வளவு உவப்பானதன்று. அறுபடுவது எப்போதும் பெண்ணாகவே இருப்பானேன்? பெட்டிக்குள் உடலை ஒடுக்கி, மூச்சடக்கி, நொடி தவறாமல் வேலை செய்வது அவள். கைதட்டல் பெறுவது வெளியே வாளுடன் நிற்பவர். ஆயினும் நம் நாட்டு பி.சி. சர்க்கார் இதில் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1956 ஏப்ரல் 9-ஆம் நாள், பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில், 17 வயதுப் பெண்ணைச் சுழலும் வட்ட வாளால் அறுத்துக் காட்டினார். பின்னர் அவள் கையைத் தேய்த்து எழுப்ப முயன்றார், அவள் அசையவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். அத்துடன் நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவிப்பாளர் விடைபெற்றுவிட்டார். பெண் இறந்தாள் என்றே எண்ணி, தொலைபேசியில் பதறியவர் பலர். நேரம் போதாமையால் அவ்வாறு முடிந்தது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அந்த நேரத்தையே கணக்கிட்டு நடத்தினார் என்று கருதுவோரும் உளர். எவ்வாறாயினும் இலண்டனில் அவர் அரங்கின் நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன.

இதுவரை கண்டவர்கள் வித்தை என்று அறிவித்து வித்தை செய்தவர்கள். கட்டணம் செலுத்தியவர்களும் ஏமாறவே விரும்பி வந்தவர்கள். அதே கைத்திறனை அருள் என்றும் ஆவி என்றும் பெயரிட்டு விற்கும்போது நிலைமை வேறு. அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த டாவென்போர்ட் சகோதரர்களைக் கயிற்றால் இறுகக் கட்டி அலமாரிக்குள் அடைப்பார்கள். கதவை மூடியதும் உள்ளே மணிகளும் நரம்பிசைக் கருவிகளும் முழங்கும். இறந்தோரின் ஆவிகள் செய்யும் வேலை அது என்றார் அவர்களுடன் வந்த பேச்சாளர், சகோதரர்கள் மறுக்கவில்லை. அன்புக்குரியவர்களை இழந்து வாடிய எத்தனையோ பேர் கண்ணீருடன் அங்கே போய் அமர்ந்தனர். 1865 மார்ச்சில் செல்ட்டன்ஹாம் நகரில் நடந்த காட்சியில், சன்னல் திரை சற்றே விலக, ஒரு கீற்று வெயில் உள்ளே பாய்ந்தது. அருகிலிருந்த மாஸ்கலின் என்னும் இளம் கடிகாரத் தொழிலாளி, கட்டுண்டவரின் கை தாராளமாக வேலை செய்வதைக் கண்டார். ஆவியின் துணையின்றித் தாமே இதைச் செய்துகாட்டுவதாக அறிவித்து, அவ்வாண்டு ஜூனிலேயே நண்பர் குக்குடன் செய்தும் காட்டினார். பின்னர் 1873 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் அதே எகிப்திய மண்டபத்தில் நேர்மையான வித்தைகளால் மக்களை மகிழ்வித்தார்.

ஆனால் நேர்மைக்கும் வஞ்சனைக்கும் இடையிலுள்ள கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. முன்சொன்ன ராபர்ட் ஹூடின் 1856-இல் பிரெஞ்சு அரசால் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நிய ஆட்சியை எதிர்க்குமாறு அங்குள்ள சமயப் பெரியோர் சிலர் மக்களை எழுப்பி வந்தனர். அவர்கள் காட்டும் அற்புதங்களை விஞ்சிக்காட்டி மக்களை அடக்குவதே பயணத்தின் நோக்கம். இச்செய்திகளுக்கு ஆதாரம் அவருடைய தன்வரலாறே ஆதலால் சற்றுக் குறைத்தே நம்பலாம். அல்ஜியர்ஸ் அரங்கில் சிறு பெட்டி ஒன்றை வைத்து, வலிமை மிக்க அராபியர் ஒருவரை மேடைக்கு அழைத்தார். அவர் அதை ஒரு கையால் தூக்கினார். உன் வலிமையை நான் எடுத்துவிட்டேன் என்றார் ஹூடின். மறுபடி முயன்றபோது பெட்டி அசையவில்லை. அடியில் இரும்புத்தகடு, மேடைக்குக் கீழே மின்காந்தம். பிடியில் மின்சாரமும் பாய, அம்மனிதர் அலறி முழந்தாளிட்டு, விடுபட்டதும் அரங்கைவிட்டே ஓடினார். இவையெல்லாம் கைத்திறனே, மந்திரமன்று என்று மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பிறகு ஆணையிடப்பட்டதாம். ஓடிப்போன அந்த மனிதரின் காதுக்கு அவ்விளக்கம் எட்டியதா என்பதை ஹூடின் எழுதவில்லை.