நாண்மங்கலத்தன்று அடுப்படியில் யார்?

மனைவியின் பிறந்தநாளுக்குச் சிறப்பு விருந்து வைக்க விரும்பும் கணவன் முதலிற் செய்வதென்ன? தாளொன்றை எடுத்து 'மெனு' எனத் தலைப்பிடுகின்றான். அதன்கீழ் 'லெமன் ரைசு', 'கர்டு ரைசு', 'கோபி பிரை' என அடுக்குகின்றான். இறுதியில் 'பர்த்துடே கேக்கு'. எழுதி முடித்ததும் அத்தாளை அம்மனைவியின் கையிலேயே கொடுத்து, "இரவு எட்டு மணிக்கு நண்பர்கள் வருவர், எல்லாம் அணியமாகட்டும்" என்று கூறி வெளியே போய்விடுகின்றான்! பிறந்தநாள் அவளுக்கு, பெருமை அவனுக்கு, புகையும் வியர்வையும் மீண்டும் அவளுக்கே! இதற்குப் பெயர் சிறப்பு விருந்தாம்!

பிறந்தநாட் கொண்டாட்டமே மேலையர் தந்ததென மயங்குவாரும் உளர். மன்னன் பிறந்தநாளைப் பாடுதலைப் பெருமங்கலம் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டும். புறப்பொருள் வெண்பாமாலை நாண்மங்கலம் என்னும். அன்று மன்னர்க்கு மட்டும் உரியதாயிருந்த சிறப்பு இன்று எல்லார்க்கும் உரியதாயிற்று. அது நன்றே.

பெயர்களுக்கு வருவோம். மிளகாய் இம்மண்ணிற் பிறந்த பயிரன்று. அமெரிக்க நிலத்தில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியே இங்கு வந்தது. வந்ததற்கு நம் முன்னோர் மிளகை நினைந்து மிளகாய் எனப் பெயரிட்டனர். உருளைக்கிழங்கும் அயலிலிருந்து வந்து தமிழ்ப்பெயர் பெற்றதே. அயற்பொருளுக்கும் தமிழ்ப்பெயர் சூட்டியோரின் வழிவந்தவர், தம் வீட்டுத் தயிர்ச்சோற்றுக்கு அயற்பெயர் தேடுகின்றனர்! சோறு என்றால் கூலியாள் உண்பது. சாதம் என்றால் சற்றே மேல். ரைசு என்றால் மிக உயர்வு. அரிசியும் ஒன்றே, உலையும் ஒன்றே. தாழ்வுணர்ச்சி மட்டும் மூன்று படியாய் நிற்கின்றது. வெட்கக்கேடு!

ஆயினும், பட்டியலை நல்ல தமிழில் திருத்தியெழுதிவிட்டு அடுப்பை அவளிடமே விடுவானாயின், அத்தமிழ் தாளோடு நின்றுபோன தமிழே. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் இளமனைவி, முற்றிய தயிரை விரலாற் பிசைந்து, அவ்விரல் துடைத்த ஆடையைத் துவைக்கவும் பொழுதின்றி உடுத்து, தாளிப்புப் புகை கண்ணிற் படத் தானே துழாவிச் சமைக்கின்றாள். கணவன் இனிதென உண்கின்றான். அவள் முகம் நுட்பமாய் மலர்கின்றது. இப்பாட்டை வியந்து பேசாத தமிழாசிரியர் அரியர். பாட்டின் அழகில் ஐயமில்லை. ஆனால், அன்றிலிருந்து இன்றுவரை இனிதென்று சொல்லும் பணியை மட்டுமே ஆடவர் தம் பங்காக வைத்துக்கொண்டிருப்பது முறையோ? ஆண்டில் ஒருநாளேனும் விரல் மாறட்டும். புகை அவன் கண்ணிலும் படட்டும்!

என்ன சமைப்பது எனத் திகைக்க வேண்டா. அவள் பிறந்த ஊரே சொல்லும். நெல்லைப் பெண்ணாயின் சொதி ஒன்றே போதும். அப்பக்கத்தில் மணமக்களின் மறுவீட்டு விருந்துக்குப் பெயர்பெற்றது அது. நால்வர்க்குப் பெரிய தேங்காய் ஒன்று. முதற்பாலைத் தனியே வைத்துவிட்டு, பிந்தியெடுத்த நீர்த்த பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, சிறுவெங்காயம், பூண்டு, கீறிய பச்சைமிளகாய் ஆகியவற்றை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்க்க வேண்டும். முதற்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்குமுன் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோம். எலுமிச்சைச் சாறு இறக்கிய பின்னரே. தேங்காய்ப்பாலின் கொழுமைக்கு இஞ்சித் துவையல் உடனிருத்தல் வேண்டும். செட்டிநாட்டுப் பெண்ணாயின், கவுனியரிசியை முதல்நாள் இரவே ஊறவைக்க மறத்தலாகாது. பன்னிரண்டு வகை எதற்கு?

ஊர் தெரியும், அவளுக்குப் பிடித்தது எது? இவ்வினாவுக்கு, மணமாகி இருபதாண்டு கழிந்த பின்னும் விழிப்பவர் எத்துணையர்! எல்லார்க்கும் படைத்தபின் எஞ்சியதை உண்டுண்டு, அவளே அதனை மறந்திருக்கவும் கூடும். நண்பரை அழைக்குமுன் அதைக் கேட்டறிக. பட்டியலின் கடைசி வரியில், ஏனங்கழுவுதல் என்பதையும் தன் பெயருக்கு நேரே எழுதிக்கொள்க.