தன்வினை

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. போன ஆடித் தள்ளுபடியில் நமக்குச் சேலை பிரித்துப் போட்ட பெண்ணைத் தீபாவளிக் கூட்டத்தில் காணோம். வைகாசியில் அம்மன் சந்நிதித் தெருவில் கைக்குழந்தையோடு எதிர்ப்பட்டார். நிறுத்திவிட்டார்களா என்று கேட்டோம். "இல்லண்ணே, நானாத்தேன் நின்னுட்டேன். மொதலாளி ஒண்ணுஞ் சொல்லல. சூப்பர்வைசர் அக்காதான், வயித்தத் தள்ளிக்கிட்டு இம்புட்டு நேரம் நிக்க முடியுமாம்மான்னு கேட்டாக. அஞ்சாம் மாசம் நின்னுட்டேன்."

பத்து மணி நேரம் கால் கடுக்க நிற்பதும் நிற்பதுதான், வேலையை விட்டு நிற்பதும் நிற்பதுதான். நின்றாள் என்பது தன்வினை, நிறுத்தினார் என்பது பிறவினை என்று எட்டாம் வகுப்பில் ஐயா பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். மதுரையின் கடைவீதியில் கர்ப்பிணிகள் எல்லோரும் தன்வினையில்தான் பேசுகிறார்கள்.

நம் சட்டம் பிறவினைக்கு எழுதப்பட்டது. 1961-இன் மகப்பேறு பயன் சட்டத்தையும் அதை உள்வாங்கிக்கொண்ட 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பையும் படித்துப் பாருங்கள். குறை சொல்ல மனம் வராது. பத்துப் பேர் வேலை பார்க்கும் கடை என்றால் போதும். பேறுகாலத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2017 முதல் முதலிரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நிறைமாதம் நெருங்கும்போது, அவர் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலை தரக்கூடாது என்றுகூட எழுதியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு நீக்கினாலும், பெரிய குற்றம் ஏதும் செய்யாதவரை, சேர வேண்டிய பணத்தை மறுக்க முடியாது. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்றது. சட்டம் நாற்காலி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எல்லாமே 'நீக்கினால்', 'மறுத்தால்' என்றுதான் தொடங்குகின்றன. நின்றுவிட்டால்?

மறுத்தவர் எழுதிக் கொடுத்த இடங்களில் சட்டம் ஜெயித்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருப்பவர் தேர்வாகியிருந்தாலும் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்', பிரசவத்துக்குப் பிறகு வந்து சேரட்டும் என்று 2021 டிசம்பர் 31 தேதியிட்டு ஸ்டேட் வங்கி சுற்றறிக்கை விட்டது. ஒரு மாதம் தாங்கவில்லை, ஜனவரி 29 அன்று நிறுத்திவைத்தார்கள். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு, ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருக்கிறதே என்று சொல்லி விடுப்பு மறுத்தார்கள். அந்த இரண்டும் முந்தைய கணவரிடம் வளர்கின்றன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பேறுகால விடுப்பும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடக்கம் என்று சொல்லி அவருக்குக் கொடுத்தது. கையில் உத்தரவுத் தாள் இருந்தது, வழக்காட முடிந்தது. அமெரிக்காவில் 2014-இல் ஹாபி லாபி என்ற நிறுவனத்தின் முதலாளிகள், கருத்தடைச் செலவைக் காப்பீட்டில் தர எங்கள் மதம் இடம் தராது என்று நீதிமன்றம் போய் ஜெயித்தே விட்டார்கள். மோசமான தீர்ப்பு என்பதே நம் எண்ணம். ஆனாலும் மறுத்தவர் யார், என்ன சொல்லி மறுத்தார் என்பது அதில் இருக்கிறது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். பேரையூர் வட்டத்தில் கூவலபுரமும் சாப்டூரை ஒட்டிய சில ஊர்களும் இருக்கின்றன. அங்கே முட்டுவீடு உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான அந்தக் கட்டடத்தில்தான் தங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வரும் பச்சை உடம்புக்காரியும் சிசுவோடு அங்கேதான், அதுவும் வாரக்கணக்கில். அவர்கள் புழங்கும் துணிமணி வீட்டுச் சாமான்களோடு சேரக்கூடாது என்பதால் வெளியே வேப்பமரக் கிளைகளில் பைகள் தொங்கும். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால் கூச்சம் என்று அந்த இடத்துக்கு 'கெஸ்ட் ஹவுஸ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: யாரும் அனுப்பல, நாங்களாத்தான் போறோம், போகாட்டி சாமிக்கு ஆகாது.

மறுபடியும் தன்வினை. இங்கே முதலாளிகூடக் கிடையாது.

தீட்டைச் சொல்லிப் பெண்ணை ஒதுக்குவதும் அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு சொல்லும் தீண்டாமைதான் என்று 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் எழுதினார். அந்த அமர்வில் எல்லோரும் அப்படி எழுதிவிடவில்லை. நேபாளம் 2017-இல் சட்டமே போட்டது. மாதவிலக்கான பெண்ணைக் குடிலுக்குப் போகச் செய்பவருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம். 'போகச் செய்பவருக்கு' என்பதைக் கவனியுங்கள். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் நுழையத் தடை இருந்த சாதிகளைச் சேர்ந்த கக்கன் முதலானோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோது, எதிர்த்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். முட்டுவீட்டுக்கு வாசல் இருக்கிறது, வாசல்காரன் இல்லை.

எனவே கடைகளைப் பொறுத்தவரை நாம் கேட்பது புதுச் சட்டமல்ல, இருக்கும் சட்டத்தில் ஒரு வரி. கர்ப்பமாக இருக்கும்போது ஒரு பெண் வேலையை விட்டு நின்றால், நிறுவனம்தான் நிறுத்தியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டும் பொறுப்பு கடைக்காரருடையது. தொழிலாளர் துறை ஆய்வாளர் நாற்காலிகளை எண்ணிவிட்டுப் போகாமல், போன வருடப் பதிவேட்டில் இருந்து இந்த வருடம் காணாமல் போன பெண் பெயர்களையும் எண்ணட்டும். முதலாளிகள் கத்துவார்கள், கத்தட்டும்.

முட்டுவீட்டுக்கு ஆய்வாளர் வரமாட்டார். கிராம சுகாதாரச் செவிலியர் வருவார். தமிழ்நாட்டில் ஒரு கர்ப்பம் கணக்கில் வராமல் போவது அரிது. மாதம் தவறியதும் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் கொடுக்கிறோம், முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் தவணை தவணையாகப் பணம் போடுகிறோம், பிரசவம் முடிந்ததும் வண்டி வைத்து ஊரில் கொண்டுபோய் விடுகிறோம். தாயையும் சேயையும் பார்க்கப் போகும் அந்தச் செவிலியர் தன் பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் எந்த வீட்டை எழுதுகிறார்?