விளக்குக்கும் எர்த் கம்பி வேண்டும்



கீழ்பென்னாத்தூர் பக்கம் பழைய வீடுகளில் மரச்சட்டத்தில் கிளிப் அடித்த ஒயரிங்கைப் பிரித்துவிட்டு, பி.வி.சி. பைப் போட்டு மாற்றுகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் விளக்குகளுக்குப் பழையபடி பேஸ், நியூட்ரல் என்று இரண்டே கம்பி இழுக்கிறார்கள். பச்சை எர்த் கம்பி பிளக் பாயிண்டோடு நின்றுவிடுகிறது. டியூப் லைட்டின் தகரப் பட்டிக்குள், சோக்குச் சூட்டில் ஒயரின் தோல் பொரிந்து உதிர்ந்தால் பட்டி முழுக்க 230 வோல்ட். ஒட்டடை அடிக்க ஏறுபவர் அதைத்தான் பிடிப்பார்.

இதைவிடக் கொடுமை, எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலையே பட்டியோடு முறுக்கிவிடுவது. வரும் வழியில் நியூட்ரல் அறுந்தால், பழுதே இல்லாத விளக்கின் பட்டியிலும் மின்சாரம் ஏறிவிடும்.

எர்த் குழி இருக்கிறதே என்று நம்பி இருக்கவும் முடியாது. நம் பகுதி பாறை நிலம்; கோடையில் குழி காய்ந்து மின்தடை ஏறும். அது 50 ஓம் ஆனால் கசிவு 5 ஆம்பியரைக்கூடத் தொடாது; 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. அதனால் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுகிற ஆர்.சி.சி.பி.யும் அவசியம். எர்த் கம்பி சரியாக இருந்தால், பட்டியில் கசிந்த உடனே, யாரும் கை வைக்கும் முன்பே அது விழுந்துவிடும்.

சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு விளக்குப் பாயிண்டிலும் பச்சைக் கம்பி வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரர்கள் பார்த்துவிட வேண்டும். பூசிய பிறகு கேட்டால், "இனிமே செவுத்த உடைக்கணுமே" என்ற பதில்தான் கிடைக்கும்.

– வாசகர், கீழ்பென்னாத்தூர்