டம்ளர்தானே என்கிறார்கள்!

"கூலி உயர்வு கேளுங்கள், நியாயம் என்போம். போனஸ் கேளுங்கள், பேசித் தீர்ப்போம். ஆனால் டீக்கடை டம்ளருக்காகவும், தோளில் கிடக்கும் துண்டுக்காகவும், ஒரு செங்கல் சுவருக்காகவும் ஊரைக் கலக்குவானேன்? வெறும் பொருள்கள்தானே!"

இப்படி உபதேசம் செய்யும் கனவான்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. அவர்கள் பேசட்டும். நமக்கு வருத்தம், நம் வரிசையிலேயே சிலர் இந்தப் பாட்டுக்குத் தாளம் போடுவதுதான். வயிற்றுப் பிரச்னை முதலில், மானப் பிரச்னை பிறகு என்பது இவர்களுடைய கணக்கு.

நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். வெறும் பொருள்தான் என்றால், அதைக் கட்டிக் காப்பதற்கு ஆண்டைகள் ஏன் அத்தனை பாடுபட்டார்கள்?

கீழத்தஞ்சையின் பழைய பண்ணைகளை நினைத்துப் பாருங்கள். மிராசுதார் எதிரே வந்தால் பண்ணையாளின் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். வேட்டி முழங்காலுக்கு மேலே ஏற வேண்டும். தெருவில் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. அந்தத் துண்டு அவன் காசு கொடுத்து வாங்கிய துண்டு. அதைத் தோளில் போடுவதால் மிராசுதாரின் களத்தில் ஒரு மணி நெல்லாவது குறைந்துவிடுமா? குறையாது. ஆனாலும் சாட்டை எடுத்தார்கள். சாணிப்பாலைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். துண்டு தோளிலேயே நின்றுவிட்டால் நாளைக்கு வாய் பேசும், நாளை மறுநாள் மரக்காலைச் சரியாக அள" என்று கை நீளும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1940களில் தோழர் பி. சீனிவாசராவ் அந்தச் சேரிகளில் கால் வைத்து, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னபோது, கூலிச் சண்டையும் துண்டுச் சண்டையும் ஒரே சண்டையாகத்தான் நடந்தன. எது முதலில் என்று அங்கே யாரும் பட்டியல் போடவில்லை.

வெண்மணியில் நடந்தது என்ன? அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். அதற்குக் கிடைத்த பதிலில் நெல்லைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. கொடியை இறக்கு என்ற உத்தரவும் இருந்தது. ஒரு முழம் சிவப்புத் துணி! அது மூங்கிலில் பறந்தால் யார் வீட்டு உலை அணைந்துவிடும்? 1968 டிசம்பர் 25 இரவு, பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு சின்னஞ்சிறு குடிசைக்குள் எரிந்து போனார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பெரும் நிலபுலன்காரர்கள், அதிலும் ஒருவர் கார் வைத்திருப்பவர், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் கண்ட காரணங்களில் ஒன்று. ஆக, காருக்கும் நீதிமன்றத்தில் மதிப்பிருந்தது. அந்தக் கனவான்கள் யாரும் அன்று "கார் வெறும் பொருள்தானே" என்று சொன்னதாக நமக்கு ஞாபகமில்லை.

குடிசை என்றதும் இன்னொன்று. பண்ணையாளின் குடிசை நின்ற மண் அவனுடையதல்ல. கூலி தகராறு வந்தால் முதலில் பிரிவது கூரைதான். நாளைக்கு யார் கையில் இருக்குமோ என்று தெரியாத மண்ணில் எவள் தென்னம்பிள்ளை வைப்பாள்? அது காய்க்க எத்தனை வருஷம்! 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. மனையின் விலையை ரூபாயில் போட்டால் அற்பம்தான். ஆனால் பிரசவம் நடந்த மூலையும், பெரியவரைக் கிடத்திய திண்ணையும் இனி ஆண்டையின் தயவில் இல்லை என்று ஆனபோது, ஆண்டையின் கண்ணைப் பார்த்துக் கூலி பேச ஆட்கள் துணிந்தார்கள். இந்தக் கணக்கு எந்தப் பட்ஜெட்டிலும் வராது.

சுவருக்கு வருவோம். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் தலித் மக்களின் பாதையை ஏறத்தாழ இருபது வருஷம் மறித்து நின்றது. 2008 மே 6 அன்று, போராட்டத்துக்குப் பிறகு, பாதை விடும் அளவுக்கு அதில் ஒரு சிறு பகுதியை சர்க்கார் இடித்தது. உடனே என்ன நடந்தது? ஆதிக்க சாதியார் நூற்றுக்கணக்கில் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரை விட்டே மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். சில அடிச் செங்கலுக்காக வீடு வாசலை விட்டுப் போகிறவர்களிடம் போய், "சுவர் வெறும் சுவர்" என்று நம் உபதேசிகள் சொல்லிப் பார்க்கட்டுமே!

இப்போது நம் வீட்டுக் கதை. பஞ்சாலையில் ஒரே ஷிப்ட்டில், ஒரே பஞ்சுத் தூசியை மூச்சில் இழுக்கிறோம். ஸ்டிரைக் என்றால் கேட் வாசலில் தோளோடு தோள் உரச நிற்கிறோம். கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் எல்லோருக்கும் ஒரே டம்ளர். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால்? அங்கே நம் தோழருக்கு மூலையில் செருகி வைத்த தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். சட்டம் தெரிந்த கடைக்காரர் இப்போது கெட்டிக்காரராகிவிட்டார். பெஞ்சில் இருப்பவருக்குக் கண்ணாடி டம்ளர், நிற்பவருக்குக் காகிதக் கப். சுத்தத்துக்காக என்கிறார்! அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார்? சனிக்கிழமை வரை நம்மோடு கோஷம் போட்டவர். தோழரைப் பார்த்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக் கொள்கிறார். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955லேயே வந்துவிட்டது. அந்தப் பேப்பருக்குப் பின்னால் அது எட்டிப் பார்ப்பதில்லை.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். காகிதக் கப்பில் டீ வாங்கிக் குடித்தவர் திங்கட்கிழமை கேட் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கும்போது மனதில் என்ன நினைப்பார்? சந்தா ரசீதைக் கொடுத்துவிட்டு அவரிடமே கேட்டுப் பாருங்கள். நம் சங்கக் கட்டடங்களையும் விட்டுவிட வேண்டாம். அங்கே நாற்காலி எத்தனை, எந்த நாளும் தரையில் உட்காருகிறவர் யார் யார், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? எண்ணிப் பார்த்தால் நம்மில் சிலருக்குத் தலை குனிய நேரும், நேரட்டும்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகிறோம். கடை திறந்திருக்கும். பெஞ்சில் நகர்ந்து பக்கத்தில் இடம் விடுவோம், தோழரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொல்வோம், இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ கேட்போம். கடைக்காரர் முடியாது என்றால், அன்றைக்கு அந்தக் கடையில் நமக்கும் டீ வேண்டாம்.