குழாய் வறண்ட வாரம்

இந்த வாரமும் எங்கள் குடியிருப்பில் தண்ணீர் நின்றது. அறிவிப்பு வந்தபோது வாளியெல்லாம் காலி. திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். எங்கள் பினாங்குத் தீவு குடிப்பதில் பெரும்பகுதி மூடா ஆற்று நீர். கடலடிக் குழாயில் வருகிறது. அந்த ஆற்றை வைத்துப் பினாங்கும் கெடாவும் மல்லுக்கு நிற்கும் கதை உங்களுக்கே தெரியும். அதை அரசியல் பக்கத்துக்காரர்கள் எழுதட்டும்.

என் எரிச்சல் சுங்கை ஆயர் தெர்ஜுன் பற்றியது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே அருவியாக விழுந்து இறங்கும் அந்தச் சின்ன ஆற்றின் தண்ணீரைக் குடித்துத்தான் ஜார்ஜ் டவுன் வளர்ந்தது. 1892இல் அங்கே நீர்த்தேக்கம் கட்டினார்கள். ஊரின் தாகம் அதோடு அடங்கவில்லை. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய பூங்காவையே 1910இல் நீர்த்தேக்கமாக்கப் பார்த்தார்கள். நல்லவேளை, 1912இல் பூங்கா பிழைத்துக்கொண்டது. இல்லாவிட்டால் காலை நடைக்காரர்கள் இன்று படகில்தான் போக வேண்டும்.

தைப்பூசத்தன்று அந்த அருவிப் பக்கத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் எத்தனை பேர் இந்த ஆற்றைத் திரும்பிப் பார்க்கிறோம்? தண்ணீர்ப் பந்தல் ஒலிபெருக்கிகளைப் பற்றி நான் புலம்பாத ஆண்டு கிடையாது. பழைய வாசகர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்த முறை பிளாஸ்டிக் குவளைகள். முருகன் பெயரால் தாகம் தீர்த்துவிட்டு, குவளையைச் சாக்கடையில் வீசுகிறோம். அடுத்த மழைக்கு அது எங்கே போகுமென்று நினைக்கிறீர்கள்?

கொஞ்சம் கீழே போனால் வண்ணாந்துறை. ஊர் வரைபடத்தில் டோபி காட். நம் சலவைத் தொழிலாளிகள் இந்த ஆற்றங்கரையில்தான் துணி அடித்துத் துவைத்தார்கள். துரைமார் வெள்ளைக் கால்சட்டைகளின் வெளுப்பெல்லாம் அவர்கள் ஆற்று நீரில் நின்று கொண்டுவந்தது. கோயில் கட்டிய செட்டியார்களைப் பற்றி, தைப்பூச வெள்ளி ரதத்தைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம், நானும் எழுதியிருக்கிறேன். வண்ணாந்துறைக்காரர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? அங்கே ராமர் கோயில் இருக்கிறது, சாலைப் பெயர் இருக்கிறது. அந்த மனிதர்களின் வரலாற்றைச் சொல்லும் ஒரு தமிழ்ப் பலகை என் கண்ணில் பட்டதில்லை. ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து சுங்கை பினாங்காகிக் கடலுக்குப் போகும் அந்தத் தண்ணீரும் இப்போது துணி அலசும் தண்ணீர் அல்ல.

வண்ணாந்துறைப் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், தாத்தா பாட்டி சொன்னதை இந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் இந்த இடம் உங்களுக்கு.